சுற்றுலா முகாமைத்துவம் படிக்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறு வெளிவந்த கையோடு பிள்ளைகளும் தாய் தகப்பன்மாரும் என்னிடம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக் கொடுக்கிறேன். வாகரையிலிருந்து வந்தாலும் பொத்துவிலிலிருந்து வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே அவற்றை எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். விண்ணப்பத் திகதியும் கட்டணமும் வருசத்துக்கு வருசம் மாறுவதால் அவற்றை அந்தந்த நிறுவனத்தின் அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டூரிசம் படிக்கிறதெண்டா ஹோட்டல் வேலை பழகிறதுதானே?

ஹோட்டல் இதில் ஒரு பகுதி. வெளிநாட்டுக் குடும்பமொன்று நாலு நாள் மட்டக்களப்புக்கு வருகிறது என்று வையுங்கள். கட்டுநாயக்காவில் ஏற்ற வாகனம் வேண்டும். தங்க இடம், வாவியில் தோணி, கல்லடிப் பாலத்தின் கதையையும் கொக்கட்டிச்சோலைக் கோயிலின் கதையையும் சொல்ல ஆள், பிறகு பாசிக்குடாவில் ஒரு நாள், அங்கிருந்து அறுகம் குடாவுக்குப் பயணம். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளின் தொழில். இவற்றையெல்லாம் ஒரு பயணமாகக் கோர்த்து, விலை போட்டு, விற்று, பிழை வராமல் நடத்துவதுதான் சுற்றுலா முகாமைத்துவம்.

ஹோட்டல் முகாமைத்துவம் படிப்பவர் சமையலறை, உணவு பரிமாறல், அறைப் பராமரிப்பு, வரவேற்பு மேசை ஆகியவற்றில் ஆழமாகப் போவார். சுற்றுலா முகாமைத்துவம் படிப்பவருக்கு அவற்றின் அடிப்படையோடு சந்தைப்படுத்தல், கணக்கீடு, பயண ஏற்பாடு, நிகழ்ச்சி ஒழுங்கமைப்பு, சட்டம், சுற்றாடல் என்று பரந்துபோகும். அநேக பாடநெறிகள் இரண்டையும் கலந்தே வைத்திருக்கின்றன. பெயரை மட்டும் பார்க்காமல் பாடப் பட்டியலை வாங்கிப் பாருங்கள்.

எந்தக் கம்பஸ்ல இந்தப் பட்டம் இருக்கு? வந்தாறுமூலையிலயே செய்யலாமா?

அரச பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே பெயர் எடுத்தவை மூன்று: பெலிஹுல்ஓயவில் உள்ள சப்ரகமுவ, மிஹிந்தலையில் உள்ள ரஜரட்ட, பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ. மூன்றும் நாலு வருசப் பட்டம், படிப்பு ஆங்கிலத்தில். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள நம் பல்கலைக்கழகங்களில் முகாமைத்துவம் படித்துவிட்டுச் சுற்றுலாத் துறைக்கு வந்தவர்களும் உண்டு. அதுவும் நல்ல வழியே.

தூரம் என்று பயப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். செங்கலடிச் சந்தியில் தொடங்கும் வீதியில் ஏறினால் அது நேரே பதுளைக்குத்தான் போகிறது. பிள்ளை அங்கே சிங்கள நண்பர்களோடு நாலு வருசம் இருந்து சிங்களமும் பேசப் பழகி வருவது இந்தத் தொழிலில் பெரிய முதல். பணிக்குழுவில் பாதிப் பேர் சிங்களம் பேசும் ஹோட்டல்தான் நாளைக்கு அவர் வேலை செய்யப்போகும் இடம்.

என்ர இசட் புள்ளி அவ்வளவு நல்லா இல்ல. போட்டுப் பார்க்கலாமா?

விண்ணப்பம் போடுங்கள். இசட் புள்ளி என்பது உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணக்கிட்ட புள்ளி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்ப்பது அதைத்தான். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. அதனால் கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியோடு உங்கள் புள்ளியை ஒப்பிட வேண்டாம். நம் மாவட்டத்துக்கு முந்திய வருசங்களில் வந்த வெட்டுப்புள்ளியைப் பாருங்கள்.

எந்தப் பிரிவில், எந்தப் பாடங்களோடு தகுதி என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாடநெறி வாரியாக இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள். விருப்ப வரிசையில் உண்மையாகவே எது வேண்டுமோ அதை மேலே போடுங்கள். ஊருக்குக் கிட்ட என்பதற்காக விருப்பமில்லாததை மேலே போட்டு, அதுவே கிடைத்து அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கம்பஸ் கிடைக்கல்ல. அப்ப இத விட்டுட வேண்டியதுதானா?

விட வேண்டாம். இந்தத் துறையில் பட்டம் இல்லாமல் மேலே வந்தவர்கள்தான் அதிகம். 1964இல் இலங்கை ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கி, இப்போது இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனமாக இருப்பது அரச நிறுவனம். கொழும்பைத் தவிர கண்டி, அநுராதபுரம், பண்டாரவளை, கொக்கலை போன்ற இடங்களில் நடக்கிறது. நம் பக்கம் பாசிக்குடாவிலும் உண்டு. சாதாரண தரத்தோடு சேரக்கூடிய கைத்தொழில் மட்டச் சான்றிதழிலிருந்து முகாமைத்துவ டிப்ளோமா வரை அங்கே படிக்கலாம். கட்டணம் உண்டு.

உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் சுற்றுலா, விருந்தோம்பல் முகாமைத்துவத்தில் உயர் தேசிய டிப்ளோமா நடத்துகிறது. அதன் நிலையங்கள் மட்டக்களப்பு, சம்மாந்துறை, அம்பாறையில் இருந்தாலும் எல்லாப் பாடநெறியும் எல்லா நிலையத்திலும் இல்லை, வருடாந்த அறிவித்தலைப் பாருங்கள். அடுத்தது தொழிற்பயிற்சி அதிகார சபையும் தேசிய பயிலுனர் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும். இங்கே கிடைப்பது என்.வி.கியூ எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்: மட்டம் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். 4இல் தொடங்கி வேலை செய்துகொண்டே மேலே ஏறலாம்.

டவுனில ஒரு பிரைவேட் இடத்தில ஆறு மாசத்தில 'டிப்ளோமா' தாறாங்களாம். சேரட்டா?

காசு கட்ட முதல் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா? இரண்டு, இந்தக் குறிப்பிட்ட பாடநெறி என்.வி.கியூவில் எந்த மட்டம்? பதிவு இலக்கத்தை வாங்கி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நீங்களே தேடலாம். நிறுவனம் பதியப்பட்டிருந்தும் பாடநெறிக்கு மட்டம் இல்லாமல் இருக்கலாம், அதனால் இரண்டையும் கேட்க வேண்டும்.

அப்புறம் பயிற்சிச் சமையலறையையும் மாதிரி அறையையும் காட்டச் சொல்லுங்கள். கதிரையும் புரொஜெக்டரும் மட்டும் உள்ள இடத்தில் கட்டில் விரிக்கப் பழக முடியாது.

இங்கிலீஷ் தெரியாட்டி படிக்கேலாதா?

தொழிற்பயிற்சி மட்டப் பாடநெறிகளில் தமிழில் விளங்கப்படுத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அதனால் தொடங்கலாம். ஆனால் தொழிலில் ஏறுவதற்கு ஆங்கிலம் வேண்டும். நம் பிள்ளைகள் பின்தங்குவது இந்த ஒரு இடத்தில்தான். கெட்டிக்காரப் பிள்ளை, கை சுத்தம், வேலை சுத்தம், ஆனால் விருந்தினர் கேள்வி கேட்டதும் பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்க்கும். அதே பிள்ளை பின்கட்டு வேலையிலேயே வருசக்கணக்கில் நின்றுவிடும்.

இலக்கணப் புத்தகத்தை முதலில் மூடி வையுங்கள். ஹோட்டலில் தேவைப்படும் பேச்சு எல்லையுள்ளது: வரவேற்பது, வழி சொல்வது, சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று சொல்வது, முறைப்பாட்டைக் கேட்டு மன்னிப்புக் கேட்பது, தொலைபேசியில் பெயரை எழுத்துக்கூட்டி வாங்குவது. தினமும் இதைச் சத்தமாகப் பேசிப் பழகினால் வாய் திறக்கும். புட்டு, ஒடியல் கூழ், கணவாய்க் கறி எப்படிச் செய்வது என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். வெளிநாட்டுக்காரர் உங்களிடம் கேட்கப்போவது அதைத்தான்.

கணக்கு எனக்கு வராது. பரவாயில்லையா?

உயர்கணிதம் தேவையில்லை. ஆனால் விலை போடத் தெரியாவிட்டால் முகாமையாளர் ஆக முடியாது. வகுப்பில் நான் முதலில் கொடுக்கும் கணக்கைப் பாருங்கள். தொகைகள் கணக்குக்காக வைத்தவை.

மட்டக்களப்பிலிருந்து ஒரு நாள் பயணம். வான் 20,000 ரூபாய், தோணி 10,000, வழிகாட்டி 6,000. மொத்தம் 36,000. எத்தனை பேர் வந்தாலும் இது மாறாது. பகல் சாப்பாடும் தண்ணீரும் ஆளுக்கு 1,800. எட்டுப் பேர் வந்தால் ஆளுக்கு 4,500 உடன் 1,800 சேர்த்து 6,300 செலவு. எட்டுப் பேர் வருவார்கள் என்று நம்பி 6,300 என விலை சொல்லிவிட்டீர்கள், கடைசியில் நாலு பேர்தான் வந்தார்கள். கையில் வருவது 25,200. செலவு 43,200. ஒரே நாளில் 18,000 ரூபாய் நட்டம். அதனால்தான் குறைந்தபட்சம் எத்தனை பேர், முற்பணம் எவ்வளவு, கடைசி நேரத்தில் விலகினால் என்ன என்று முதலே எழுதி வைக்கிறோம். இந்தக் கணக்கு விளங்கினால் உங்களுக்குப் போதுமான கணக்கு வரும்.

ட்ரெயினிங் எண்டு கூட்டிப் போய் கோப்பை கழுவ விடுறாங்களாமே?

கழுவ விடுவார்கள். அறையும் கூட்ட விடுவார்கள். இதில் எனக்குத் திடமான கருத்து உண்டு: அறை துப்புரவாக்கத் தெரியாதவர் அறைக்குப் பொறுப்பான ஆளை மேய்க்க முடியாது. ஒரு அறையை அடுத்த விருந்தினருக்குத் தயாராக்குவதற்கு ஒழுங்கு இருக்கிறது. கதவைத் தட்டி, யார் என்று சொல்லி, காத்திருந்து உள்ளே போக வேண்டும். திரையைத் திறந்து காற்று விட வேண்டும். குப்பையும் அழுக்குத் துணியும் முதலில் வெளியே. பிறகு கட்டில், அதன்பின் தூசு தட்டல், குளியலறை, கடைசியாக நிலம், உள்மூலையிலிருந்து கதவை நோக்கி. விரிப்பின் மூலையை மடித்துச் செருகும் விதத்தைப் பார்த்தே மேற்பார்வையாளர் பயிற்சி எடுத்தவரா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

ஆனால் ஆறு மாசமும் ஒரே இடத்தில் கோப்பை கழுவினால் அது பயிற்சி இல்லை. பயிற்சிக்குப் போகும்போது எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்ற சுழற்சி அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். தினக்குறிப்பு எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து எடுங்கள். மாற்றாமல் வைத்திருந்தால் உங்கள் நிறுவனத்தின் பயிற்சி இணைப்பாளருக்கு உடனே சொல்லுங்கள், கடைசி மாசம் வரை பொறுத்திருக்க வேண்டாம்.

பொம்புளப் புள்ளைய இந்த வேலைக்கு அனுப்பலாமா சேர்?

இந்தக் கேள்வியைத் தாய்மார் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். அனுப்பலாம். வரவேற்பு மேசை, முன்பதிவு, கணக்கு, விற்பனை, மனிதவளம், பயண முகவர் நிலையம் எல்லாவற்றிலும் பெண்கள் இருக்கிறார்கள், இன்னும் தேவைப்படுகிறார்கள். ஊர் கதைக்கும் என்பதற்காகத் திறமையான பிள்ளையை வீட்டில் வைப்பது எனக்கு மனவருத்தம் தரும் விசயம்.

அதே நேரம் பெற்றோரின் கவலையை நான் தள்ளிவிடவும் மாட்டேன். சேர முன் இவற்றைக் கேளுங்கள்: இரவு வேலை முடிந்தால் வீடு வரை வாகனம் உண்டா, தங்குவதென்றால் பெண்களுக்குத் தனி விடுதி உண்டா, முறைப்பாடு சொல்ல வேண்டியவர் யார். நேராகப் பதில் சொல்லும் ஹோட்டலுக்கு அனுப்புங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

நாங்க முஸ்லிம். பார், பன்றி இறைச்சி எல்லாம் தொட வேண்டி வருமே?

காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பிள்ளைகள் இதைக் கேட்பது நியாயம். உணவு பரிமாறலிலும் சமையலறையிலும் பயிற்சி எடுக்கும்போது இது வரும். சேரும்போதே உங்கள் நிலையைச் சொல்லி, எந்தப் பகுதியில் ஒழுங்கு செய்வார்கள் என்று கேளுங்கள். முந்திய பதிலில் சொன்ன வரவேற்பு மேசை, கணக்கு, பயண ஏற்பாடு போன்றவற்றில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. மத்திய கிழக்கிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் முஸ்லிம் பயணிகளுக்கு ஹலால் சாப்பாடும் தொழுகை இடமும் ஒழுங்கு செய்யத் தெரிந்தவர் வேண்டும். அதை உங்களைவிட நன்றாகச் செய்ய யாரால் முடியும்?

சம்பளம் எப்படி? ஆரம்பத்தில ரொம்பக் குறைவெண்டு சொல்றாங்க.

அடிப்படைச் சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான். ஹோட்டல் பில்லில் சேர்க்கும் 10 சதவீதச் சேவைக் கட்டணத்தை ஊழியருக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அறைகள் நிரம்பும் மாசத்தில் இந்தத் தொகை அடிப்படைச் சம்பளத்தையே எட்டிப் பிடிக்கலாம், காலியாகக் கிடக்கும் மாசத்தில் மிகவும் குறைந்துவிடும். அதனால் நேர்முகத் தேர்வில் அடிப்படை எவ்வளவு, போன வருசம் சேவைக் கட்டணம் கூடிய மாசத்தில் எவ்வளவு, குறைந்த மாசத்தில் எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள்.

ஊழியர் சேமலாப நிதியையும் கேளுங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம். தற்காலிக வேலை என்று சொல்லி இதைக் கட்டாமல் விடும் இடங்கள் உண்டு.

நவம்பர்ல மழ வந்தா எங்கட பக்கம் ஹோட்டல் எல்லாம் காய்ஞ்சிடுமே?

உண்மை. வடகீழ்ப் பருவமழை வந்தால் பாசிக்குடாவும் அறுகம் குடாவும் அடங்கிவிடும். நமக்கு நல்ல காலம் ஏப்ரல், மே தொடக்கம் செப்டெம்பர், ஒக்டோபர் வரை. தென்மேற்குக் கரையில், ஹிக்கடுவைப் பக்கம், இதற்கு நேர்மாறு: அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரைதான் கூட்டம். இரண்டு கரையிலும் ஹோட்டல் வைத்திருக்கும் குழுமங்கள் ஆட்களை மாற்றி அனுப்புவதுண்டு. மற்றவர்கள் மழைக்காலத்தில் படிப்பையும் மொழியையும் வைத்துக்கொள்ளலாம்.

முகாமைத்துவம் படித்தவர் யோசிக்க வேண்டியது, அந்தக் காலத்தில் யாரை வரவழைக்கலாம் என்று. திருமணங்கள், அலுவலகக் கூட்டங்கள், கூரைக்குக் கீழே நடக்கும் சமையல் வகுப்புகள் இவற்றுக்குக் கடல் அமைதியாக இருக்க வேண்டியதில்லை.

குண்டு, கொரோனா, டொலர் தட்டுப்பாடு... இந்தத் துறைய நம்பலாமா?

2004 சுனாமியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் துறை விழும், அதுவும் பலமாக விழும். 2018இல் நாட்டுக்கு 23 லட்சத்து 33 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21இல் நம் சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. கொரோனாவோடு 2021இல் வந்தவர்கள் 2 லட்சம்கூட இல்லை. 2024இல் மறுபடியும் 20 லட்சத்தைத் தாண்டியது.

விழுந்த காலத்தில் முதலில் வேலை போனது சான்றிதழ் இல்லாத, ஒரே வேலை தெரிந்த ஆட்களுக்கு. கணக்கும் விற்பனையும் மொழியும் தெரிந்தவர்கள் வங்கிக்கும் கப்பல் கம்பனிக்கும் வைத்தியசாலை நிர்வாகத்துக்கும் போக முடிந்தது. முகாமைத்துவப் படிப்பின் பெறுமதி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அப்போதுதான்.

கைட் ஆகிறதுக்கு இந்தப் படிப்பு போதுமா?

போதாது, தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அதைக் கொடுக்கிறது. தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, குறிப்பிட்ட ஓர் இடத்துக்கான வழிகாட்டி என்று வகைகள் உண்டு.

வழிகாட்டிக்குச் சரியான தகவல் முக்கியம். மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் கோட்டை என்கிறோம், ஆனால் 1628இல் கட்டியவர் போர்த்துக்கேயர். 1638இல்தான் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் நம் கடலில் 50 மீட்டருக்குக் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். காசு கூடத் தருகிறேன் என்று கேட்கும் விருந்தினரிடம், உரிய பயிற்சி இல்லாமல் அங்கே இறங்க முடியாது என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல வழிகாட்டி.

படிச்சி முடிச்சதும் கட்டார், மாலைதீவு போகலாமா?

போகலாம். ஆனால் குறைந்தது ஒரு வருசமாவது இங்கே வேலை செய்து அனுபவக் கடிதத்தோடு போங்கள். அனுபவம் இல்லாமல் போனால் கடைசிப் படியில் ஏற்றி அங்கேயே வைத்துவிடுவார்கள். முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். சான்றிதழ்களை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி எடுங்கள். நான்காவது கேள்வியில் சொன்ன என்.வி.கியூ மட்டம் இங்கேயும் உதவும்.

அறுகம் குடாவில பல வருசமா சமையல் செய்யிறன். பேப்பர் ஒண்டும் இல்ல. திரும்ப முதல்ல இருந்து படிக்கணுமா?

தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் உங்கள் அனுபவத்தை வைத்தே என்.வி.கியூ எடுக்கலாம். தேசிய பயிலுனர் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். வேலைத்தளக் கடிதங்கள், படங்கள், செய்த மெனு அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும். குறைபாடு இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் பயிற்சி எடுத்துக்கொண்டு மறுபடி போகலாம்.

வீட்டில ரெண்டு ரூம் சும்மா கிடக்கு. வாடகைக்கு விட இதெல்லாம் படிக்கணுமா?

பட்டம் தேவையில்லை. ஆனால் பதிவு வேண்டும்: சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டுத் தங்கல் வகையில் பதியலாம், உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியையும் விசாரியுங்கள். மேலே பயணத்துக்குச் சொன்ன விலைக் கணக்கை அறைக்கும் போடுங்கள். 10,000 ரூபாய் என்று இணையத்தில் போட்ட அறையில் முன்பதிவுத் தளம் 15 சதவீதம் தரகு எடுத்தால் உங்கள் கைக்கு 8,500. அதிலிருந்து மின்சாரம், சலவை, காலைச் சாப்பாடு, துப்புரவு செய்பவரின் கூலி போக மிஞ்சுவதே வருமானம்.

வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த இரண்டு அறையின் கணக்கையும் முன்பதிவையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். இடியப்பமும் சொதியும் அம்மா பார்க்கட்டும். ஒரு பருவம் நடத்திவிட்டுப் பாடநெறிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் வகுப்பிலேயே கேட்கக் கேள்விகள் இருக்கும்.